தெரு வளர்த்த கை

குருசடித் தெருப் பையன்கள் உடம்பு ஏறுவதற்காகக் கலக்கிக் குடித்த அமினோ பவுடரெல்லாம் அவரவர் உடம்பில் சேராமல், தெருக்கோடி வீட்டில் வருஷக்கணக்காக வாதம் அடித்துக் கட்டிலோடு கிடந்த இன்னாசியின் உடம்பில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததை முதலில் கண்டவள் அவருடைய பெண்சாதி பிரகாசி. கண்டதும் அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை, பயம். அந்தப் பயத்தை அவள் வெளியே சொல்லவுமில்லை. ஏனென்றால் பயப்படலாம் என்று அந்தத் தெரு ஒத்துக்கொண்ட சங்கதிகள் புயலும், அறுந்து தொங்கும் கரண்டு கம்பியும், கடலுக்குப் போனவன் திரும்ப நேரமாவதும்தான். கட்டிய புருஷன் அதில் சேர்த்தி இல்லை.

காலையில் அவருக்கு உடம்பு துடைத்துவிடுவது அவள் வேலை. வெந்நீரில் பிழிந்த துணி தோளில் புறப்பட்டால் முழங்கைவரைக்கும் எங்கேயும் நிற்காமல், துடுப்புக் கம்பின்மேல் ஓடுகிற மாதிரி ஓடி இறங்கிவிடும். அத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. அன்றைக்குத் துணி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. வீக்கமாக இருக்கும் என்று அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. அது திருப்பி அழுத்தியது. நிமிர்ந்தபோது இன்னாசி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு விழுந்துபோன பிறகு அவர் பேசுவதெல்லாம் கண்ணால்தான், அந்தக் கண்ணில் வெகுகாலமாக இல்லாத ஒரு நிதானம் இருந்தது. பிரகாசி துணியைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு, அடுப்படிக்குப் போய் நின்றாள்.

தெருவின் மறுகோடியில், சிலுவை நிற்கிற குருசடிக்குப் பின்னால், பழைய வலைக் கொட்டகையில் இருந்தது சம்மனசு ஜிம். பலகையில் மிக்கேல் சம்மனசு உடற்பயிற்சி நிலையம் என்று முழுசாக எழுதியிருக்கும். உள்ளே சுவரில் சாத்தானை மிதித்துக்கொண்டு நிற்கும் வானதூதர் மிக்கேலுக்கு, படம் வரைந்தவனும் அங்கே எடை தூக்குகிறவன்தான் என்பதால், ஒரு சம்மனசுக்குத் தேவைப்படாத அளவுக்குப் புஜம் வைத்திருந்தது. அதை நடத்திய லூர்து மாஸ்டர் அந்த வருஷம் கறுப்பு டின்னில் புதுசாக ஒரு பவுடரை இறக்கி, பையன்களை வரிசையாக உட்காரவைத்து விளக்கம் சொன்னார்.

"இதுல மூணு சாமான் இருக்குடே. லூசின், ஐசோலூசின், வேலின். இந்த மூணையும் உடம்பு தானாச் செஞ்சுக்கிடாது. வெளிய இருந்துதான் வரணும். வந்தாத்தான் சதை பிடிக்கும். ஆனா குடிச்சிட்டுக் குத்தவச்சிருந்தா ஒரு மயிரும் பிடிக்காது, வேல செய்யணும். வெளங்குதா?"

பையன்களுக்கு விளங்கியது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தாய்மாருக்கு வேறு விதமாக விளங்கியது. அதுவரை, இது என்ன மருந்தோ மாயமோ, கிட்னி போயிரும், கல்யாணம் பண்ண முடியாமப் போயிரும் என்றெல்லாம் சொல்லிப் பையன்களைத் தடுத்துக்கொண்டிருந்தவர்கள் காதில் அந்த முதல் பேர் லூசியா என்று விழுந்தது. "லூசியம்மாள் பேரச் சொல்லித்தானா குடுக்காக?" என்றாள் ஒருத்தி. "அவ கண்ணுக்கு உள்ள புனிதைலா, கைக்கு எப்பிடி?" என்றாள் இன்னொருத்தி. "கண்ணக் குடுக்கிறவளுக்குக் கையா பெருசு?" என்று முதலில் பேசியவள் கேட்டதோடு அந்தத் தர்க்கம் முடிந்தது. மறுநாளிலிருந்து பால் வாங்குகிற மாதிரி பவுடர் வாங்கினார்கள். குலுக்குகிற டப்பாமேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது, அதைக் கடைப்பிடிக்காதவனை ஜிம்முக்குள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிரகாசியின் மகன் டெல்வினும் குடித்தான். ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவன், இருபது தாண்டியவன், நல்ல பிள்ளை, சம்பளத்தோடு நேரே வீட்டுக்கு வருகிறவன். அவனும் அவன் சேக்காளிகளும் குடித்தார்கள், தூக்கினார்கள், வியர்த்தார்கள், கண்ணாடி முன்னால் நின்று மடக்கிப் பார்த்தார்கள், மாஸ்டர் டேப்பைச் சுற்றி அளந்து பார்த்தார், டேப் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. டேப் பொய் சொல்கிறது என்று வேறு டேப் வாங்கினார்கள். அதுவும் அதே பொய்யைச் சொன்னது. அப்படி இருக்கும்போதுதான் டெல்வின், எங்கப்பாவுக்கு நெஞ்சு ரெண்டு பக்கமும் பலகை மாதிரி எழும்பி நிக்கி மாஸ்டர் என்று, நேற்று நாம் எல்லாரும் நெஞ்சுக்குத்தானே செய்தோம் என்பது நினைவுக்கு வராமலே சொன்னான். மாஸ்டருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு எல்லாரையும் காலுக்கு மட்டும் செய்யச் சொன்னார். விடிந்ததும் கூட்டமாகப் போய் இன்னாசியின் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். தென்னங்குருத்து மாதிரி கிடந்த கெண்டைக்காலில், வலையில் புதுசாக விழுந்த மீன் துள்ளுகிற மாதிரி, தோலுக்கடியில் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை யாரும் எடை தூக்கவில்லை, பவுடரும் குடிக்கவில்லை. மறுநாள் இன்னாசியிடம் ஒன்றும் கூடவில்லை. அதோடு சங்கதி ஊர்ஜிதமாயிற்று. ஏன், எப்படி என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை. கடலில் போட்ட உப்பு எங்கே போனது என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டவன் டெல்வினின் சேக்காளி செபி ஒருத்தன்தான். அவனும் ஏன் என்று கேட்கவில்லை, நியாயம் கேட்டான். "நான் தூக்குதேன், அவரு ஏறுதாரு. இது எங்க உள்ள கதை மாஸ்டர்?"

"ஒன் கையில ஏறி நீ என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார் லூர்து மாஸ்டர். "ஒரு குடம் தண்ணி தூக்கிக் குடுத்துருக்கியா ஒங்கம்மைக்கு? இன்னாசியண்ணன் கை அப்பிடியாடே? துறைமுகத்துல ரெண்டு மூட்டைய ஒண்ணா வச்சுத் தூக்கிட்டுப் பலகையில ஓடுவாரு, கப்பக்காரன் வேலய விட்டுட்டு வேடிக்க பாப்பான். அந்தக் கையில ஏறுனா அது தெருவுக்குப் பேரு."

செபிக்கே அது சரி என்று பட்டது. தன் கையில் ஒரு விரக்கடை ஏறுவதைவிட, தான் தூக்கிய தூக்கு இன்னாசியின் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதில் ஒரு கெத்து இருந்தது. வரவர ஒவ்வொருத்தனும் தன் பங்கைக் கேட்டு வாங்குகிற மாதிரி, இந்த மடிப்பு என்னுது, அந்த நரம்பு என்னுது என்று கட்டிலைச் சுற்றி நின்று காட்டிக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தார்கள். கட்டிலில் கிடக்கிற தசை வளராதய்யா, அதுக்கு வேலை வேணும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்சிருக்கே" என்று முணுமுணுத்தார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பங்குச் சாமியார் வந்து, இது புதுமை என்று தன்னால் சொல்ல முடியாது, புதுமை இல்லை என்றும் சொல்ல முடியாது, எதற்கும் ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள். ஜிம்முக்கே போகாத கிழவர்களும் பெண்களும் ஆளுக்கு ஒரு கரண்டி பவுடர் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்; தண்ணீர்க் குடம் தூக்கினாலும், அம்மி அரைத்தாலும், அந்த வேலையும் வீண்போகாமல் இன்னாசியிடம் போய்ச் சேர்ந்தது. பிரகாசி டெல்வினுடைய டின்னை ஒருநாள் எடுத்துக் கழிமுகத்தில் கொட்டிப் பார்த்தாள். வெள்ளையாக நுரைத்து மிதந்து போனது. ஒரு டின் போய் என்ன ஆகிவிடும், தெருவே குடிக்கும்போது.

பிறகு அந்த நாள் வந்தது. பிரகாசி குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். தெருக்கோடியிலிருந்து பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். "இன்னாசி மாமா கை நீட்டிட்டாரு, கை நீட்டிட்டாரு."

பெண்கள் எல்லாரும் குலவையிட்டார்கள். பிரகாசி நிறைந்த குடத்தை இடுப்பில் எடுத்தவள் திரும்பக் கீழே வைத்தாள். கை நீட்டுவது என்றால் அந்தத் தெருவுக்கு ரெண்டு அர்த்தம்: ஒன்று, ஒரு பொருளை வாங்கவோ கொடுக்கவோ கையை முன்னால் கொண்டுபோவது, இன்னொன்று, பெண்டாட்டியை அடிப்பது. பொம்பளமேல கை நீட்டாத ஆளு என்று ஒருத்தனைப் பற்றிச் சொன்னால் அது அவனுக்குச் சொல்லும் பெரிய புகழ்ச்சி, ரொம்பப் பேருக்கு அதைச் சொல்வதில்லை. பிரகாசிக்கோ கல்யாணமான புதிதிலேயே அந்த முதல் அர்த்தம் மறந்துபோயிருந்தது. அவர் உப்பைக் கேட்டுக் கை நீட்டினாலும் அவள் தலை தானாகப் பின்னுக்குப் போகும், அதற்கும் ஒன்று விழும்.

தெருவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஒரே சுவருக்கு அந்தப்புறம் இருந்த அமலோற்பவம், சத்தம் கேட்கத் தொடங்கினால் தன் வீட்டு ரேடியோவைக் கூட்டிவைப்பாள். பிரகாசிக்கு மானக்கேடு வரக் கூடாதே என்று அதை ஒரு உபகாரமாகத்தான் செய்தாள். தெரியாதவன் டெல்வின் ஒருத்தன். அவர் வருகிற நடையின் சத்தத்திலேயே பிரகாசிக்கு விளங்கிவிடும். உடனே மகனைக் கூப்பிட்டு, எய்யா, ஓடிப்போய் வெத்தல வாங்கிட்டு வா என்பாள், பக்கத்துக் கடை வேண்டாம், மார்க்கெட் கடையில வாங்கு, காம்பு பார்த்து வாங்கு என்பாள். அவன் திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும், அவள் முகம் கழுவி விளக்கேற்றியிருப்பாள். அவ்வளவு நன்றாக அந்தக் காரியத்தைச் செய்திருந்ததால், அவனுக்கு அப்பா என்றால் துறைமுகத்தில் தன்னைத் தோளில் உட்காரவைத்துக் கப்பல் காட்டிய ஆள் மட்டும்தான்.

வாதம் வந்த நாளைப் பற்றியும் தெருவுக்குத் தெரிந்தது பாதிதான். பரணில் எதையோ எடுக்கக் கையைத் தூக்கினார், அப்படியே விழுந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பரணில் ஒன்றும் இல்லை. தூக்கின கை அவளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. வருகிற வழியில் நின்றுவிட்டது. அத்தனை வருஷமும் அவருக்குக் கஞ்சி ஊட்டி, மலம் அள்ளி, புண் வராமல் புரட்டிப் போட்டு, சிரிக்கவும் கொஞ்சம் கற்றுக்கொண்டு இருந்த பிரகாசிக்கு இப்போது ராத்திரி பகல் என்றில்லாமல் ஒரே நினைப்பு: அன்றைக்குப் புறப்பட்ட கை இன்னும் வந்துசேரவில்லை. தெரு மொத்தமும் சேர்ந்து அதற்குத் தீனி போட்டு, மிச்ச தூரத்தைக் கடக்க வைக்கிறது.

ஒருநாள் மத்தியானம் அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். டெல்வின் வேலைக்குப் போயிருந்தான். கரண்டி வாய்க்குப் போகிற பாதையில் இன்னாசியின் கை எழுந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கவில்லை. வலிக்கவுமில்லை. தராசில் வைத்த மீனை எடை பார்க்கிற மாதிரி, பிடித்துக்கொண்டே இருந்தது. கஞ்சி ஆறி ஆடை படிந்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவள் கையை இழுக்கவில்லை, இழுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. பிறகு விரல் ஒவ்வொன்றாக விட்டது. விட்ட பிறகு அவர் வாயைத் திறந்தார், அடுத்த வாய்க் கஞ்சிக்காக.

அவள் நேரே அமலோற்பவம் வீட்டுக்குப் போனாள்.

"யக்கா, அவுக என் கையப் பிடிச்சாக."

அமலோற்பவம் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டதும் சிரித்துவிட்டாள். "ஏட்டி, புருசன் கையப் பிடிச்சதுக்கா இப்பிடி வெளிறிப்போயி வந்து நிக்க? எனக்கெல்லாம் அவரு செத்து எத்தன வருசம் ஆச்சு, ஒரு கை வந்து பிடிக்காதான்னு இருக்கு."

"பயமா இருக்குக்கா."

நெத்திலி கிள்ளிய விரல் நின்றது. அவள் நிமிர்ந்து பிரகாசியைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பழைய காலம்லா. படுக்கையில கிடந்து அவருக்கும் புத்தி வந்துருக்கும். இப்பம் ஊரே அவரப் பாத்துக்கிட்டு இருக்கு. நீ போயி வேண்டாத பேச்செல்லாம் பேசுனா அவனுவ கும்பிட்டு வளத்ததுக்கு என்ன அர்த்தம்?" என்றவள், தன் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து நீட்டினாள். "இந்தா, நீயும் ஒரு வாய் குடி. தெருவுல நீ ஒருத்திதான் குடிக்கலயாம். பேசுதாவ."

வெண்ணிலா வாசம் அடித்தது. குழாயடிக்கு வந்த ரெண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரகாசி குடித்தாள். அன்று பூராவும் துணி துவைத்தாள், கஞ்சி போட்டு முறுக்கிப் பிழிந்தாள், வேறு வழியில்லாமல் வேலை செய்தாள். மறுநாள் காலையில் உடம்பு துடைக்கும்போது, தன் ஒரு வாய் எங்கே போயிருக்கும் என்று தேடினாள். கட்டைவிரலுக்கு அடியில், உள்ளங்கையில், ஒரு சின்ன உருண்டை புதுசாக இருந்தது. பிடிப்பதற்கு உதவுகிற சதை அது. அவள் துணி பிழிந்த பிழிச்சல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றைக்கே மகனிடம் பேசிவிட வேண்டும் என்று அவன் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்தாள்.

"எய்யா, அந்தப் பவுடர விட்டுருவோமா?"

"ஏம்மா?"

"போதும்லா. கை அசையுது, கால் அசையுது. இருக்கட்டும்."

"அசஞ்சாப் போதுமா? எந்திச்சு நடக்காண்டாமா?" டெல்வின் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "ஒனக்கு ஆசையில்லயா எம்மா? இத்தன வருசம் பீ மூத்திரம் அள்ளியிருக்க. அப்பா எந்திச்சா ஒனக்குத்தான ரெஸ்ட்டு."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை ரெண்டே ரெண்டுதான். ஆனால் உள்ளறைக் கட்டிலிலிருந்து மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது, அந்த மூச்சு காது கொடுத்துக் கேட்கிற மூச்சு. இன்னொன்றும் இருந்தது: சொன்னால் மகனிடமிருந்து அப்பாவைப் பிடுங்கி எறிய வேண்டும், அந்தத் தோள், அந்தக் கப்பல், எல்லாவற்றையும். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றாள். அவன் சாப்பிட்டான், சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போனான்.

மிக்கேல் சம்மனசு திருநாளன்று சாயங்காலம் ஜிம்முக்கு ஆண்டுவிழா. குருசடி மைதானத்தில் மேடை போட்டு, ஆணழகன் போட்டிக்குப் பதிலாக இந்த வருஷம் இன்னாசி ஒருத்தரை மட்டும் மேடையேற்றுவது என்று முடிவாயிற்று, ஏனென்றால் போட்டி போடுவதற்கு வேறு யாரிடமும் உடம்பு இல்லை. எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி பிரகாசியிடம் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். தேய்த்தாள். தோளில் ஐஸ் பாளம் தூக்கிய தூக்கு இருந்தது, அது டெல்வின். முதுகில் செபி. முன்கையில் மாவரைத்த பெண்கள். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்கு விரலிலேயே தெரிந்தது. ஆனால் அத்தனையும் ஒரே ஆள் சொன்னபடிதான் கேட்டது. எண்ணெய் வழுக்கிய அந்தச் சதைக்கடியில் ஒன்றுமே மாறியிருக்கவில்லை.

கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, அடியில் மூங்கில் கொடுத்து, சப்பரம் தூக்குகிற மாதிரி பையன்கள் தோளில் தூக்கினார்கள். வழியெல்லாம் சம்மனசுக்கு நேர்ச்சையாக எறிகிற உப்பையும் மிளகையும் இன்னாசிமேலும் எறிந்தார்கள். எண்ணெயில் உப்பு ஒட்டி அவர் வெயிலில் மின்னினார். மேடையில் இறக்கியதும் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். இது ஒருத்தர் உடம்பு அல்ல, நம்ம உடம்பு என்றார். தெரு கை தட்டியது. இன்னாசி ஒரு கையை மடக்கிக் காட்டினார், மைதானமே பெருமூச்சு விட்டது. பிறகு நாற்காலிப் பிடியில் ஊன்றி, ஆடி, எழுந்து நின்றே விட்டார். பெண்கள் அழுதார்கள்.

"மைனி வாங்க, மைனி மேல வாங்க. நீங்கதான் மாலை போடணும்" என்றார் மாஸ்டர்.

யாரோ ரோஜா மாலையைக் கையில் திணித்தார்கள், யாரோ முதுகில் தள்ளினார்கள். பிரகாசி படியேறினாள். மகன் மேடையின் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்காக ஏறினாள். இன்னாசிக்கு எதிரே வந்து நின்றாள். இப்படி நின்ற உயரத்தில் அவரைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. இன்னாசி கையைத் தூக்கினார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பிரகாசி செய்யவில்லை, அவள் உடம்பு செய்தது. எந்தப் பவுடரும் வளர்க்காத அவளுடைய மெலிந்த சதை, தானாகக் கற்றுவைத்திருந்த ஒரே வித்தையை, கண் இமைக்கும் முன்னால் செய்து முடித்தது. மாலை விழுந்தது. முழங்கால் மடிந்தது. ரெண்டு முழங்கையும் மேலேறி முகத்தை மூடின, விரல்கள் பின்னந்தலையைப் பொத்திக்கொண்டன, முதுகு சுவரைத் தேடிச் சுருண்டது, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக, ஏனென்றால் அவர் வலக்கைக்காரர். அவ்வளவும் அவ்வளவு சுத்தமாக, தினம் பழகியவர்கள் செய்கிற மாதிரி இருந்தது.

இன்னாசியின் கை வெறும் காற்றில் விரிந்து நின்றது. மாலையை வாங்கத்தான் அது வந்ததோ என்னவோ, அவருக்குத்தான் தெரியும்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர் மைக்கில். "மைனிக்குத் தல சுத்திட்டு, வெயில்லா..." சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தவர் பேச்சை முடிக்கவில்லை. முன்வரிசையில் அவருடைய பெண்சாதி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டு சரிந்திருந்தது. அவளுடைய இடது முழங்கை, அவளுக்கே தெரியாமல், பாதி உயரத்தில் நின்றது. அவளுக்குப் பக்கத்தில் செபியின் அம்மாவுக்கும் அப்படியே. அதற்குப் பின்னால் அமலோற்பவத்துக்கு, புருஷன் செத்து அத்தனை வருஷமான பிறகும். மைதானம் முழுக்க அங்கங்கே பெண்களின் முழங்கைகள் பாதி வழியில் நின்றன, பக்கத்தில் நின்ற ஆண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். மைக் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

டெல்வின் அம்மாவின் முழங்கைகளைப் பார்த்தான். மார்க்கெட் கடை வெற்றிலை, காம்பு பார்த்து வாங்கிய வெற்றிலை எல்லாம் அவனுக்கு அப்போது ஒன்றாக நினைவு வந்தது. அவன் அவளைத் தொட்டுத் தூக்கவில்லை. நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றான், முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு, அவள் தானாக எழுந்து படியிறங்கிப் போகும்வரை.

பொழுது சாய்கிற நேரத்தில் பையன்கள் இன்னாசியை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். டெல்வின் வாசல்படியில் நின்றிருந்தான்.

"இங்க வேண்டாம்."

"ஒங்கப்பம்லாடே" என்றான் செபி.

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். வளத்தவங்க வச்சுக்கிடுங்க."

நாற்காலி அடுத்த வாசலுக்குப் போனது. அமலோற்பவம் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த வீட்டில் செபியின் அம்மா நிலைக்கு ரெண்டு பக்கமும் கையூன்றிக்கொண்டு நின்றாள், பெற்ற மகன் தூக்கிவந்த நாற்காலி என்பதைக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் தன் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தானே திரும்பிக்கொண்டார். தெரு முழுவதும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் கலந்து வளர்த்த அந்தக் கை நாற்காலிப் பிடியில் அமைதியாகக் கிடந்தது. கடைசியில் ஜிம்முக்கே கொண்டுபோய், எடைகளுக்கு நடுவில் இறக்கிவைத்தார்கள். அன்றைக்கு யாரும் டின்னைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. ஆனால் ஏறின சதை இறங்கவில்லை, ஆள் மாற்றி ஆள் போய்க் கஞ்சி ஊட்டினார்கள். ஊட்டியவர்கள் எட்டியே உட்கார்ந்தார்கள்.

அந்தச் சாயங்காலம் நாற்காலியை அனுப்பிவிட்டு டெல்வின் வீட்டுக்குள் திரும்பியபோது, பிரகாசி தண்ணீர்த் தொட்டி மூலையில் உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் மேலேறிய கைகள் இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவைதான் கேட்கவில்லை. வாசலில் அவன் உருவம் வெளிச்சத்தை மறைத்ததும் அவள் இன்னும் கொஞ்சம் சுருண்டாள். தோள் அகலம், நிற்கிற சாய்வு, எல்லாம் அப்படியே அவர். டெல்வினுக்கு அது விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும், முகத்தில் வெளிச்சம் விழும்படி ஓரமாக நகர்ந்தான். கிட்டே வரவில்லை. எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, தன் ரெண்டு கைகளையும், உள்ளங்கை மேலே தெரிய, அவள் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பிடியே இரி" என்றாள் பிரகாசி, முழங்கைகளுக்கு உள்ளேயிருந்து. "அசையாத."

அவன் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று. கொசு ஒன்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் பறந்தது, அவன் விரலை மடக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு அவளுடைய ஒரு கை மெல்ல இறங்கித் தரையில் பட்டது. இன்னொரு கைக்காக அவன் காத்திருந்தான்.